கிளைகளும் இணைப்பும்
கணிப்பொறிக் கோப்புகளைப் பலர் கூடித் திருத்தும் முறை

ஒரே ஆவணத்தை இருவர் தனித்தனியே திருத்தினால் விளையும் தொல்லையை அறியாத அலுவலகம் நம் நாட்டில் இராது. தலைமையிடத்திலிருந்து ஒரு கணக்கெடுப்புப் படிவம் நான்கு மாவட்டங்களுக்கு அனுப்பப்படுகிறது. ஒரு மாவட்டத்தார் கிணறுகளைப் பற்றிய கேள்வியை இரண்டாகப் பிரிக்கின்றனர்; மற்றொரு மாவட்டத்தார் அதே கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுகின்றனர்; மூன்றாம் மாவட்டத்தார் அக்கேள்வியை அடியோடு நீக்கிவிடுகின்றனர்; நான்காம் மாவட்டத்தார் ஒன்றும் செய்யாது அப்படியே திருப்பி அனுப்புகின்றனர். ‘இறுதி’ என்றும், ‘இறுதி இரண்டு’ என்றும், ‘இதுவே இறுதி’ என்றும் பெயர் தாங்கிய கோப்புகளைத் தம் முன் வைத்துக்கொண்டு, எவர் எதனை எதற்காக மாற்றினார் என்று அறியமாட்டாமல் எழுத்தர் ஒருவர் திகைத்து நிற்பதே இதன் முடிவாகும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இத்தொல்லையோடு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட வழிக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். அம்முறையில் யாவற்றிலும் கடினமானதும், பழகியவரையும் இடறச் செய்வதுமாகிய பகுதி, பிரிந்து நடந்த வேலைகளை மீண்டும் ஒன்று சேர்க்கும் ‘மெர்ஜ்’ என்பதாகும். இதனை இக்கட்டுரையில் இணைப்பு என்றே வழங்குவோம். நிரல் எழுதாதவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆசிரியர்கள் கையாளும் தீக்ஷா தளம் ‘சன்பேர்டு’ என்னும் திறந்த மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டது. அம்மென்பொருளின் மூல நிரல்கள் இத்தகைய களஞ்சியங்களிலேதான் வளர்ந்து வந்துள்ளன. அரசுப் பயன்பாடுகளின் மூல நிரலைத் திறந்து வைத்துப் பலரும் கூடி வளர்ப்பதற்கான கொள்கையை இந்திய அரசு 2015-ல் வெளியிட்டது. களத்திலிருந்து ஒரு திருத்தத்தைச் சொல்ல விரும்பும் ஊழியர், தம் திருத்தம் எவ்வழியே மையத்தைச் சென்றடைகிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். பாடக் குறிப்புகளையும் வினாத்தொகுதிகளையும் பலர் கூடி எழுதும் ஆசிரியர்களுக்கோ இம்முறை நேரடியாகவே கைகொடுக்கும்.

பூட்டும் திறப்பும்

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முறை எளியது. 1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் நிரலொன்றை அமைக்கத் தொடங்கினார். அதன் பின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி இயற்றிய முறை பெரிதும் பரவிற்று. இவற்றிலெல்லாம் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுக்கும்போது அது பூட்டப்பட்டுவிடும். அவர் திருப்பி வைக்கும்வரை பிறர் காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துச் செல்வதை ஒத்தது இது. எடுத்தவர் விடுப்பில் சென்றுவிட்டால் வேலை நின்றுபோகும் என்பதும் அலுவலகம் அறிந்ததே.

இப்பூட்டை உடைத்த முயற்சிகளுள் ஒன்று ஓர் ஆசிரியருடையது. ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்பவர் தம் மாணவர் இருவருடன் 1984-85-ல் ஒரு மொழிமாற்று நிரலில் பணிபுரிந்துகொண்டிருந்தார். ஒரு மாணவர் காலை முதல் மாலை வரை ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவருக்கு நேர ஒழுங்கு கிடையாது. ஆசிரியருக்கோ மாலை வேளையில் மட்டுமே ஓய்வு. ஒருவருக்காக மற்றவர் காத்திருந்தால் வேலை முடியாது. ஆகவே, மூவரும் தத்தம் படியைத் தத்தம் நேரத்தில் திருத்திப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் ஒரு நிரல் தொகுதியை எழுதினார். 1986-ல் அவர் வெளியிட்ட அதுவே ‘சி.வி.எஸ்.’ என்னும் பெயரால் உலகெங்கும் பல்லாண்டுகள் வழங்கிற்று. பூட்டு நீங்கிற்று; ஆனால் சேர்க்கும் சுமை பின்னுக்குத் தள்ளப்பட்டதேயன்றி ஒழியவில்லை.

இன்று மிகுதியாக வழங்கும் ‘கிட்’ என்னும் முறை 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் தோன்றியது. லினக்ஸ் இயக்க முறைமையின் கருவை வளர்ப்போர் அதுவரை ‘பிட்கீப்பர்’ என்னும் வணிக மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். அச்சலுகை நின்றுபோகவே, லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே புதியதொரு முறையை எழுதலானார். சில நாட்களில் அம்முறை தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளும் நிலையை எய்திற்று; அம்மாதத்திலேயே கிளைகளை இணைக்கவும் வல்லதாயிற்று. அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ அதன் பராமரிப்பை ஏற்றார்.

மூன்றாவது படி

கிளை என்ற சொல்லைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆங்கிலச் சொல்லை ஒட்டி அவ்வாறு வழங்குகிறோம்; ஆயினும் மரக்கிளைகள் பிரிந்தபின் ஒன்று சேர்வதில்லை. ஆற்றின் கிளையே இங்கே பொருந்தும் உவமை. அசாமில் பிரமபுத்திராவின் நீர் மாஜுலித் தீவைச் சுற்றிப் பிரிந்தோடி மீண்டும் கூடுவதை நோக்கினால், பதிப்புக் கட்டுப்பாட்டில் கிளையும் இணைப்பும் எத்தகையன என்பது விளங்கும். வழக்கு வென்றுவிட்டபடியால் கிளை என்றே கொள்வோம்.

களஞ்சியத்தில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பதிவாக வைக்கப்படுகிறது. எவர் செய்தார், எப்போது செய்தார், ஏன் செய்தார் என்னும் குறிப்புடன், தனக்கு முந்திய பதிவு எது என்பதையும் அப்பதிவு தாங்கி நிற்கும். முந்திய பதிவைத் தாய்ப்பதிவு எனலாம். சாதாரணப் பதிவுக்குத் தாய் ஒன்று. இணைப்புப் பதிவுக்குத் தாய் இரண்டு. சிற்சில வேளைகளில் இரண்டுக்கும் மேற்பட்டும் இருக்கும். கிளை என்பது இச்சங்கிலியின் கடைசிப் பதிவைச் சுட்டும் ஒரு பெயரே. ஆகவே கிளை பிரிப்பதற்கு இடமோ நேரமோ ஏறக்குறைய வேண்டியதில்லை.

இணைக்கும்போது நிகழ்வது என்ன? பள்ளியின் மழைக்கால அறிவிப்பு ஒன்றை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினர் என்று கொள்வோம். முதல்வர் படியில் ‘நீர்த்தொட்டியை வாரம் ஒருமுறை கழுவுக’ என்ற வரி இருக்கிறது. இரண்டாமவர் படியில் அவ்வரி இல்லை. இணைந்த படியில் அது இருத்தல் வேண்டுமா, வேண்டாவா? இரண்டு படிகளையும் எத்துணை நேரம் உற்று நோக்கினாலும் இக்கேள்விக்கு விடை கிடையாது. முதல்வர் அதனைப் புதிதாகச் சேர்த்திருக்கலாம். அல்லது முன்னரே இருந்த வரியை இரண்டாமவர் நீக்கியிருக்கலாம். இருவரும் திருத்தத் தொடங்குமுன் இருந்த படி, அதாவது பொது மூலம், கையில் இருந்தால் ஐயம் நொடியில் தீரும். மூலத்தில் அவ்வரி இல்லையாயின் முதல்வர் சேர்த்தார் என்பது உறுதி, எனவே இருக்கட்டும். மூலத்தில் இருந்ததாயின் இரண்டாமவர் நீக்கினார் என்பது உறுதி, எனவே நீங்கட்டும். மூலத்தில் ‘மாதம் ஒருமுறை’ என்றிருந்து, முதல்வர் ‘வாரம்’ என்றும் இரண்டாமவர் ‘பதினைந்து நாள்’ என்றும் மாற்றியிருந்தால், அங்கே யந்திரம் முடிவு செய்ய இயலாது. அந்நிலைக்கே முரண் என்று பெயர்.

மும்முனை இணைப்பு என்று கூறப்படுவது இதுதான். வகுப்பறையில் மூன்று தாள்களைக் கொண்டே இதனைச் செய்து காட்டலாம், கணிப்பொறி வேண்டியதில்லை. ஒரு திருத்தமும் செய்யாத மூலத்தாளை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்பது மாணவர்க்கு அப்போதே புலனாகும்.

பொது மூலத்தைத் தேடித் தருவது ‘கிட்’டின் வேலை. தாய்ப்பதிவுகளின் சங்கிலியைப் பின்னோக்கிப் பற்றிச் சென்று இரண்டு கிளைகளும் சந்திக்கும் இடத்தை அது கண்டுகொள்கிறது. ‘சப்வெர்ஷன்’ என்னும் முறையில் 2008-ல் வந்த பதிப்புக்கு முன் இவ்வசதி இல்லை; எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இணைத்தோம் என்பதை இணைத்தவரே குறிப்பில் எழுதி வைத்தல் வேண்டும். எழுத மறந்தால் அதே திருத்தம் இருமுறை புகுத்தப்படும். கிளை என்றாலே அஞ்சியவர் பலர் அக்காலத்தில் இருந்தமைக்கு இதுவே காரணம். இரண்டு கிளைகள் ஒன்றையொன்று குறுக்கும் நெடுக்குமாக இணைத்துக்கொண்டிருந்தால் பொது மூலங்கள் ஒன்றுக்கு மேற்பட்டும் தோன்றக்கூடும். அப்போது ‘கிட்’ அம்மூலங்களையே முதலில் தமக்குள் இணைத்துக் கற்பனையானதொரு மூலத்தை ஆக்கிக்கொள்கிறது.

இணைப்பே தேவைப்படாத நிலையும் உண்டு. தாம் கிளை பிரித்தபின் முதன்மைக் கிளையில் எவரும் ஒன்றும் பதியவில்லையாயின், முதன்மைக் கிளையின் பெயரைக் கடைசிப் பதிவுக்கு நகர்த்தி வைத்தாலே போதும்.

முரண் கண்டவிடத்து

முரண் ஏற்பட்ட கோப்பினுள் ‘கிட்’ தன் அடையாளங்களை இட்டு நிறுத்திவிடும். இடப்பக்கம் கூர்ந்த குறிகள் ஏழு. அதன் கீழ் நம் கிளையின் வரிகள். பின்னர்ச் சமக்குறிகள் ஏழு. அதன் கீழ் வரும் கிளையின் வரிகள். முடிவில் வலப்பக்கம் கூர்ந்த குறிகள் ஏழு. இருவரும் ஒரே வரியை மாற்றியபோது மட்டுமன்றி, அடுத்தடுத்த வரிகளை மாற்றியபோதும் முரண் என்றே அது அறிவிக்கும். ஐயமுற்ற இடத்தில் நின்றுவிடுதல் நல்ல குணமே.

புதியவர் செய்யும் பெருந்தவறு யாதெனில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்துவிடுவதாகும். பல வேளைகளில் சரியான விடை இரண்டிலும் இல்லை. இருவருடைய கருத்தையும் அறிந்து மூன்றாவதாக ஒன்றை எழுத வேண்டியிருக்கும். இதற்கு உதவும் அமைப்பு ஒன்று ‘கிட்’டில் உண்டு, அதன் பெயர் ‘டிஃப்-3’ பாணி. அதனை அமைத்துக்கொண்டால் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே பொது மூலத்தின் வரிகளையும் அது காட்டும். மேற்சொன்ன அறிவிப்பில் ‘மாதம்’ என்ற மூலச் சொல்லையும் கண்டால்தான் இருவரும் கால இடைவெளியைக் குறைக்கவே விரும்பினர் என்பது தெரியவருகிறது. இவ்வமைப்பு தொடக்கத்திலேயே இயல்பாக இருந்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

எதிர்த் திருத்தத்தின் நோக்கம் விளங்காவிடில் அதனைச் செய்தவரைக் கேட்டல் வேண்டும். அவர் பெயரும் குறிப்பும் பதிவில் உள்ளன. கேட்கும்வரை பொறுக்க இயலாதாயின், இணைப்பைக் கைவிட்டுப் பழைய நிலைக்கு மீள்வதற்கு ‘அபார்ட்’ என்னும் கட்டளை இருக்கிறது. இணைப்பைத் தொடங்குமுன் தம் கையிலுள்ள திருத்தங்களையெல்லாம் பதிந்துவிட்டால் இம்மீட்சி இடையூறின்றி நடைபெறும். பதியாத திருத்தங்களுடன் தொடங்கினால் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை.

முரண் இன்றி நேரும் பிழை

முரண் அடையாளங்களுக்கு அஞ்சுவோர் உண்டு. உண்மையில் அஞ்சத்தக்கது அவை தோன்றாத இணைப்பேயாகும்.

ஒரு மழைக்கணக்கு நிரலை எடுத்துக்கொள்வோம். களத்திலிருந்து வரும் மழையளவைப் படித்துத் தரும் பகுதி ஒரு கோப்பில் உள்ளது. அது மில்லிமீட்டரில் அளவைத் தருகிறது. வானிலை அறிக்கைகளில் மழையளவு சென்டிமீட்டரிலும் கூறப்படுவதுண்டு. அறிக்கைக்கு இசைவாக, ஓர் ஊழியர் அப்பகுதியைச் சென்டிமீட்டரில் தருமாறு மாற்றி, அதனை அந்நாள்வரை பயன்படுத்திய இடங்களையெல்லாம் தேடித் திருத்தி, முதன்மைக் கிளையில் பதிகிறார். அவர் செய்தது முற்றிலும் சரி. அதே வாரத்தில் வேறொருவர் தம் கிளையில், வேறொரு கோப்பில், எச்சரிக்கைப் பகுதி ஒன்றைப் புதிதாக எழுதுகிறார். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 115.6 மில்லிமீட்டர் முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்வது மிகக் கனத்த மழையாகும். ஆகவே, படித்த அளவு 115.5-ஐ மிஞ்சினால் எச்சரிக்கை விடுக்க என்று எழுதுகிறார். அவர் பிரிந்தபோது அளவு மில்லிமீட்டரில் இருந்தது. அவர் செய்ததும் சரியே. தம் கிளையில் சோதித்தும் பார்க்கிறார். எச்சரிக்கை ஒழுங்காக வருகிறது.

இப்போது இரண்டையும் இணைக்கிறோம். ஒருவர் தொட்ட கோப்பை மற்றவர் தொடவில்லை. ஒரு வரியிலும் முரண் இல்லை. இணைப்பு நிறைவேறியது என்று ‘கிட்’ கூறுகிறது. நிரலும் பிழையின்றி ஓடுகிறது. பின்னர் ஒரு நாள் 200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. படிக்கும் பகுதி 20 என்று தருகிறது. 20 என்பது 115.5-ஐ மிஞ்சாது. எச்சரிக்கை வாளா இருக்கிறது. சென்டிமீட்டர் கணக்கில் 115.5-ஐ மிஞ்ச வேண்டுமாயின் ஒரே நாளில் ஒரு மீட்டருக்கும் மேல் மழை பெய்தாக வேண்டும். ஆகவே ஏறக்குறைய எந்நாளும் அது ஒலிக்கப் போவதில்லை. கீழ்க்கரையில் இருப்போருக்குச் செய்தி போகாது. எவரும் தவறு செய்யவில்லை என்றே பதிவேடு காட்டும்.

இதனைப் பொருள் முரண் என்பர். இணைக்கும் நிரல் வரிகளை ஒப்பிடுகிறதேயன்றி அவற்றின் பொருளை அறியாது. ஒருவர் ஒரு பகுதியின் பெயரை மாற்ற, மற்றவர் பழைய பெயரால் அதனை அழைப்பது இதன் எளிய வகை. அதனை மொழிமாற்று நிரலோ முதல் ஓட்டமோ காட்டிக்கொடுத்துவிடும். அலகு மாறிய மேற்கண்ட வகையையோ சோதனை ஒன்றே காட்டும். அச்சோதனையும் இணைத்தபின் நடத்தப்பட வேண்டும் என்பதே இங்கு கவனிக்கற்பாலது. இரண்டு கிளைகளிலும் தனித்தனியே எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றிருந்தன; இணைந்த நிரல் அந்நாள்வரை எவராலும் சோதிக்கப்படாத புதிய நிரல். எச்சரிக்கை எழுதியவர், ‘200 மில்லிமீட்டர் மழை வந்தால் எச்சரிக்கை வருதல் வேண்டும்’ என்னும் சோதனையை, படிக்கும் பகுதியிலிருந்தே தொடங்குமாறு எழுதி நிரலுடன் பதிந்திருந்தால், இணைத்த மறுநிமிடமே அது தோல்வியுற்றுக் குறையை வெளிப்படுத்தியிருக்கும். அளவின் பெயரிலேயே அலகையும் சேர்த்து எழுதியிருந்தாலும் படிப்பவர் கண்ணில் பட்டிருக்கும்.

கிளை நெடுநாள் பிரிந்திருக்குமளவுக்கு இத்தகைய மோதல்கள் பெருகும். இரண்டு நாள் வேலையை இணைப்பது ஒரு நாழிகைப் பணி. ஆறு மாத வேலையை இணைப்பதோ தனியொரு திட்டமாகிவிடும். சிறு சிறு கிளைகளாகப் பிரித்து விரைவில் சேர்ப்பதே பெரும்பாலான குழுக்கள் இன்று கைக்கொள்ளும் வழக்கம்.

லினக்ஸ் குழுவின் நடைமுறை

இணைப்பைப் பெரிய அளவில் எவ்வாறு நடத்துவது என்பதற்கு லினக்ஸ் கருவே சிறந்த எடுத்துக்காட்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் பத்தாயிரத்தையும் கடந்த திருத்தங்கள் வருவது அங்கே இயல்பு. அவற்றை டோர்வால்ட்ஸ் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. வலையமைப்பு, கோப்பு முறைமை, ஒலி என்று துறைதோறும் பராமரிப்பாளர் உளர். அவரவர் துறைத் திருத்தங்களை அவரவர் தம் கிளையில் திரட்டுகின்றனர். ஒரு பதிப்பு வெளிவந்ததும் இரண்டு வார காலத்துக்கு இணைப்பு வாயில் திறக்கிறது; பராமரிப்பாளர்கள் தம் கிளையை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகோள் அனுப்புகின்றனர்; டோர்வால்ட்ஸ் இணைக்கிறார். இரண்டு வாரம் முடிந்ததும் வாயில் மூடப்படும். அதன்பின் ஏறத்தாழ ஏழு வாரம் பிழை திருத்தத்துக்கே உரியது. புதியன சேர்க்க இடமில்லை. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருவது இம்முறையால்தான்.

இரண்டு வாரத்தில் இவ்வளவு கிளைகள் ஒன்றாக வந்து மோதினால் என்னாவது? மோதலை முன்கூட்டியே கண்டறிவதற்காக ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’ என்னும் ஒத்திகைக் களஞ்சியம் 2008-ல் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீபன் ராத்வெல் அதனைப் பல்லாண்டுகள் நடத்தினார். துறைக் கிளைகள் யாவற்றையும் வேலைநாள்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, நிரல் உருவாகிறதா என்று பார்த்து, முரண்பட்ட இரு சாராருக்கும் மடல் எழுதுவது அப்பணி. பரணில் ஏறி நின்று நூறு வாய்க்கால்களையும் நோக்கும் நீர்க்கட்டியின் வேலை போன்றது எனலாம்.

இங்கு நமக்கு வியப்பளிக்கும் விதி ஒன்றுண்டு. முரண் வரும் என்று அறிந்த பராமரிப்பாளர், தலைவருக்குச் சிரமம் கொடுக்கலாகாது என்று எண்ணி, முதன்மைக் கிளையைத் தம் கிளைக்குள் இணைத்து, முரணைத் தாமே தீர்த்து, பின்னர் அனுப்ப முற்படுவது இயற்கை. அவ்வாறு செய்யற்க என்று லினக்ஸ் குழுவின் வழிகாட்டிக் குறிப்புக் கூறுகிறது. தேவையற்ற பின்னிணைப்புகளைக் காண்பதைவிட முரண்களைத் தாமே தீர்ப்பதையே டோர்வால்ட்ஸ் விரும்புகிறார். எந்தத் துறையும் எந்தத் துறையும் எங்கே மோதுகின்றன என்பதை மேலிருப்பவர் அறிதல் வேண்டும் என்பது ஒன்று. காரணமில்லாத இணைப்புகளால் வரலாறு சிக்கலாகிப் பின்னர்ப் பிழை தேடுவோர் தவிப்பர் என்பது மற்றொன்று. பராமரிப்பாளர் தம் தீர்வை மாதிரியாக அனுப்பி வைக்கலாம். இணைப்புக்கு உரிய காரணத்தைக் குறிப்பில் எழுதுவதும் அங்கே கட்டாயம் போன்றது. ‘இன்ன கிளையை இணைத்தேன்’ என்ற ஒற்றை வரி ஒன்றையும் விளக்குவதில்லை.

ஒரே முரணை மீண்டும் மீண்டும் தீர்க்க நேர்பவருக்கு ‘ரெரெரெ’ என்னும் விந்தைப் பெயர் கொண்ட கருவி உள்ளது. முன்பு தீர்த்த விதத்தை நினைவிற்கொண்டு, அதே முரண் மறுமுறை வந்தால் அத்தீர்வையே அது இடும். முதலில் தவறாகத் தீர்த்திருந்தால் தவறையும் உண்மையோடு நினைவிற்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

இணைப்பை விலக்குதல்

முதன்மைக் கிளையில் இணைத்தபின் பிழை கண்டால், அவ்விணைப்பின் விளைவை மாற்றும் எதிர்ப்பதிவு ஒன்றை இடலாம். பழைய பதிவு அழிவதில்லை. அதன் திருத்தங்களை நேர்மாறாகச் செய்யும் புதிய பதிவு சேர்கிறது. இணைப்புக்குத் தாய் இரண்டு ஆதலால், எது முதன்மை வழி என்பதையும் கட்டளையில் குறிப்பிடுதல் வேண்டும். பெரும்பாலும் அது ஒன்றாம் தாய்.

இதுவரை எளிது. இடர் பின்னரே வருகிறது. மழைக்கணக்கு எடுத்துக்காட்டையே தொடர்வோம். எச்சரிக்கைக் கிளையை இணைத்தோம். குறை கண்டு எதிர்ப்பதிவால் விலக்கினோம். எழுதியவர் தம் கிளையிலேயே அலகைத் திருத்தி ஒரு பதிவு சேர்த்தார். மீண்டும் இணைக்கிறோம். முரணின்றி முடிகிறது. திறந்து பார்த்தால், அவர் கடைசியாகச் செய்த திருத்தம் மட்டுமே வந்திருக்கும். எச்சரிக்கைப் பகுதியின் பெரும்பகுதி வரவே வராது. அத்திருத்தம் தொட்ட கோப்பே முதன்மைக் கிளையில் இல்லாது போனமையால் முரண் எழுந்து நின்றுவிடுவதும் உண்டு. நின்றால் அது நல்வாய்ப்பு.

காரணம் இது. பழைய பதிவுகள் முன்னரே இணைந்துவிட்டன என்று சங்கிலி கூறுகிறது. எனவே இரண்டாம் இணைப்புக்கு, அக்கிளை முதன்முறை இணைந்த இடமே பொது மூலமாகிறது. அம்மூலத்தில் எச்சரிக்கைப் பகுதி இருந்தது. முதன்மைக் கிளை பின்னர் அதனை நீக்கியது. மற்றக் கிளை அதனைத் தொடவில்லை. மும்முனை விதிப்படி நீக்கியவர் சொல்லே வெல்லும். யந்திரம் விதியை வழுவாது பின்பற்றியது.

பரிகாரம் யாதெனில், மறுபடி இணைக்குமுன் அந்த எதிர்ப்பதிவுக்கே ஓர் எதிர்ப்பதிவு இடுதல் வேண்டும். அதனால் நீக்கப்பட்டவை திரும்பும். பின்னர் இணைத்தால் புதிய திருத்தமும் வந்து சேரும். கிளையைத் திருத்தாமல் புதிய பதிவுகளாக முழுவதும் எழுதி அமைத்திருந்தால் இப்பரிகாரம் வேண்டா. அப்பதிவுகள் சங்கிலிக்குப் புதியன ஆதலால் நேரே இணைத்துவிடலாம். இந்நுட்பத்தை டோர்வால்ட்ஸும் ஹமானோவும் 2008-ஆம் ஆண்டிலேயே விளக்கி வைத்துள்ளனர். ஆயினும் இன்றும் இதில் இடறுவோர் பலர். இணைப்பை விலக்குபவர், மறுமுறை இணைக்குமுன் செய்ய வேண்டியதைத் தம் எதிர்ப்பதிவின் குறிப்பிலேயே எழுதி வைத்தால் பின்வருபவர் பிழைப்பார்.

தமிழ்க் கோப்புகளில் வரும் தனித் தொல்லைகள்

சொற்செயலிக் கோப்பு, கணக்குத்தாள், படம் ஆகியவற்றை வரிவரியாக ஒப்பிட முடியாது. அவற்றில் இருவர் திருத்தினால் ஏதேனும் ஒன்றையே தேர வேண்டும். அத்தகைய கோப்புகளுக்குப் பழைய பூட்டு முறையே ஏற்றது. வினாத்தொகுதிகளையும் படிவங்களையும் சாதாரண எழுத்துக்கோப்பாக, வரிக்கு ஒரு வினாவாக வைத்துக்கொண்டால் இணைப்பு எளிதாகும்.

மென்பொருள்களின் சொற்களைத் தமிழாக்குவோர் கையாளும் ‘பீ.ஓ.’ கோப்புகளில் வேறொரு தொல்லை. ஒவ்வொரு சொற்றொடரும் நிரலின் எத்தனையாம் வரியில் வருகிறது என்ற குறிப்பும், கோப்பு ஆக்கப்பட்ட நாளும் அதிலே தாமே எழுதப்படுகின்றன. நிரலில் ஒரு வரி கூடினால் நூற்றுக்கணக்கான குறிப்புகள் மாறிவிடும்; மொழிபெயர்ப்பில் ஒரு மாறுதலும் இல்லாதபோதே முரண்கள் குவியும். வரியெண் குறிப்புகளை எழுதாதவாறு அமைத்தலும், இத்தகைய கோப்புகளை அவற்றுக்கென்றே உள்ள ‘கெட்டெக்ஸ்ட்’ கருவிகளால் இணைத்தலும் இதற்கு மாற்று.

இன்னொன்று கண்ணால் காண இயலாதது. முரண் அடையாளங்களுக்கு இடையே இரண்டு பக்கத்திலும் ஒரே சொல், ஓர் எழுத்தும் மாறாமல், நிற்பதைக் காணலாம். ‘கொடி’ என்னும் சொல்லின் ஒகர உயிர்மெய்க் குறியை யூனிக்கோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ‘கிட்’டுக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகை முறையிலும் மற்றவர் வேறொன்றிலும் தட்டெழுதினால் இது நேரும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாற்றாக ளகர எழுத்தையே இட்டுவிடுவோரும் உண்டு. அது தோற்றத்தில் மட்டுமே ஒன்று, தரப்படுத்தும் விதிகளாலும் சரியாகாது. முந்திய வகையை மட்டும் யூனிக்கோடின் ‘என்.எஃப்.சி.’ விதிப்படி ஒழுங்குபடுத்திவிடலாம். அதனைச் செய்யும் சிறு நிரலொன்றை, ஒவ்வொரு பதிவுக்கும் முன் தானே ஓடுமாறு களஞ்சியத்தில் அமைத்துக்கொள்ள முடியும். ளகரம் புகுந்த இடங்களை ஒருவர் அமர்ந்து படித்துத்தான் திருத்த வேண்டும்.